என் கைக்குப் பழகிப்போன முழங்கால்

காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

என் மகள் வர்ஷா ஷூ எடுக்கக் குனிந்தாள். ஒற்றை ஷூ மட்டும் அலமாரிக்கு அடியில் உள்ளே போயிருந்தது. வலது காலை அழுத்தி ஊன்றி, உடம்பை மட்டும் இடது பக்கம் திருப்பி, கையை உள்ளே விட்டாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். விரல் சொடுக்குவதைவிடக் கொஞ்சம் பெரிது.

அடுத்த நொடி, “அப்பா!”

முகத்தில் பாதி சவரத்தோடு ஓடி வந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். மடங்கிய முழங்காலின் முன்பக்கம் பள்ளமாக இருந்தது. அங்கே இருக்க வேண்டிய சில்லு வெளிப்பக்கமாக நகர்ந்து, தோலுக்கடியில் எலுமிச்சம்பழத்தைச் செருகியது போல் புடைத்துக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டுக்கு அது புதிய காட்சி இல்லை. இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு வெட்கமாக இருப்பதே அதனால்தான்.

மண்டியிட்டேன். ஒரு கையால் குதிகாலைப் பிடித்து மெதுவாக நீட்டினேன். மறு கையின் கட்டைவிரலால் சில்லை வெளியிலிருந்து உள்ளே தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வர்ஷா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

“அப்பா, இந்தத் தடவை வேற மாதிரி வலிக்குது.”

“வேற மாதிரின்னா?”

“உள்ள ஏதோ மாட்டியிருக்கற மாதிரி.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று ஒன்பதரை மணிக்கு அவளுக்கு பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல் செய்முறைத் தேர்வு. நானோ இன்னொரு கல்லூரியில் இருபத்தைந்து வருடமாக வேதியியல் நடத்துகிறவன்.

“மூணு மணி நேரம்தாம்மா. பிராக்டிகலை விட்டா ஒரு வருஷமே போயிடும். பல்லைக் கடிச்சுட்டு முடிச்சிரு.”

முழங்காலில் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். ஸ்கூட்டரில் ஏற்றினேன். அவள் கால் மடங்கவில்லை. வழி முழுக்க அதைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வந்தாள். காக்ஸ் டவுன் மார்க்கெட் அருகே ஒரு ஆட்டோக்காரர், “சார், பாப்பா காலு பாத்து!” என்று கத்தினார். முன்பின் தெரியாத அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒரு வார்த்தை

சென்ற வாரம், நான் முதன்முதலில் வகுப்பெடுத்த நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் மிச்சத்தை இந்த வாரம் எழுதுவதாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் கை அந்தப் பக்கம் போக மறுக்கிறது. இருபத்தைந்து வருடம் அடுத்தவர் பிள்ளைகளுக்கு, “ஆய்வகத்தில் அவசரப்படாதே, ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்து” என்று சொல்லிக்கொடுத்தவன் நான். சொந்தப் பிள்ளை ‘வேற மாதிரி வலிக்குது’ என்றபோது நிறுத்தவில்லை.

அதைச் சொல்லி முடிக்காமல் வேறு எதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

நான் கற்றுக்கொண்ட வித்தை

முதல் தடவை நடந்தபோது வர்ஷாவுக்குப் பதின்மூன்று வயது. உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு, இலையை மூடிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி எழுந்தாள். அப்படியே விழுந்தாள். ரசம் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு சிலையாக நின்றார்.

பக்கத்து மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் அரை நிமிடத்தில் சில்லை உள்ளே தள்ளினார். எல்லோரும் வர்ஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய கையைப் பார்த்தேன். எந்த விரல், எந்தக் கோணம், எவ்வளவு நிதானம். செய்முறை என்றால் என் கண் அங்கேதான் போகும்.

“மறுபடி வந்தா சும்மா விடாதீங்க சார். ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்” என்று அவர் சொன்னதும் காதில் விழத்தான் செய்தது.

மறுபடி வந்தது, ஏழெட்டு மாதம் கழித்து. வீட்டிலேயே. நான் தள்ளினேன், உட்கார்ந்தது. என் மனைவி சுமதி என்னை ஒரு மாதிரி வியப்போடு பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால்கூட ஆளைக் கூப்பிடுகிறவன் நான். என் கையால் சரியான ஒரே விஷயம் இதுதான்.

ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். “டேய் தம்பி, ஆபரேஷன் கீபரேஷன்னு போயிடாதே. பொம்பளப் பிள்ளை. முட்டியில தழும்போட நின்னா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா கேப்பாங்க” என்றாள். அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கத்தி என்றால் எனக்குத்தான் பயம். அக்காவின் பேச்சு அதற்கு நல்ல போர்வையாக இருந்தது.

கட்டுப் போடுபவர் சொன்னது

மூன்றாவது தடவைக்குப் பிறகு ஜீவனஹள்ளியில் எலும்புக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கூட்டிப்போனேன். சின்ன அறை. முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் கலந்த வாசம். சுவரெல்லாம் குணமானவர்களின் புகைப்படங்கள்.

அவர் வர்ஷாவின் சில்லை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். நாங்கள் எடுத்துப்போன பழத்தட்டைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

“சார், எலும்பு ஒடைஞ்சிருந்தா நான் கட்டிருவேன். இது ஒடையல. இழுத்துப் பிடிக்கிற வாரு லூசாயிருச்சு. வாரை நான் எங்க தைக்கிறது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

கட்டுப் போடுபவரே கட்டு வேண்டாம் என்றார். கூட்டிப்போன படித்த தகப்பன் என்ன செய்தான்? வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

நான்காவது தடவை வந்தபோது வர்ஷா என்னைக் கூப்பிட்ட குரலில் பயமே இல்லை. தண்ணீர் கேட்பது போல் கூப்பிட்டாள். நானும் தண்ணீர் கொடுப்பது போல்தான் போனேன். அந்த முழங்கால் என் கைக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

பதினொன்று

செய்முறைத் தேர்வு நாளுக்கு வருகிறேன். மதியம் பன்னிரண்டரைக்குக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் ஆய்வகத்து வராந்தாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு ஸ்டூலில் காலை நீட்டியிருந்தாள். முழங்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. கட்டை அவிழ்த்தபோது துணியின் வரிகள் தோலில் அப்படியே பதிந்திருந்தன.

தேர்வை முடித்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, தானே ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டாராம். பெயர் தெரியாத அவருக்கு என் வணக்கம்.

சுமதி வேலை செய்யும் வங்கிக் கிளை நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஏழேகாலுக்கே கிளம்பிவிடுவாள். அன்றும் கிளம்பியிருந்தாள். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “லேப்ல கால் பிசகிடுச்சாம்.”

காலையில் வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிடவும் இல்லை. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது.

சுமதி நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். அங்கே எங்களுக்கு வாய்த்த எலும்பு அறுவை மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். கன்னடக்காரர். இந்தப் பக்கத்து நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டுத் திரும்பினார்.

“எத்தனை தடவை வெளிய வந்திருக்கு?”

“இதோட அஞ்சு, டாக்டர்” என்றேன்.

வர்ஷா கூரையைப் பார்த்தாள். “பதினொண்ணு.”

“என்னடி சொல்ற?” என்றாள் சுமதி.

“நீங்க பாத்தது அஞ்சும்மா. மத்ததெல்லாம் வெளிய. காலேஜ் ஸ்டெப்ஸ்ல ரெண்டு. பஸ்ல ஒண்ணு. ஃப்ரெண்ட் வீட்ல ஒண்ணு…”

“அப்போ யாரு உள்ள தள்ளினாங்க?” மருத்துவர் கேட்டார்.

“நானேதான். அப்பா பண்றதைப் பாத்துக் கத்துக்கிட்டேன்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “சார் என்ன வேலை பண்றீங்க?”

“லெக்சரர். கெமிஸ்ட்ரி.”

“ம். நல்லா கத்துக் குடுத்திருக்கீங்க.”

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என் காது மடல் சூடானது.

“இந்தத் தடவை எப்போ ஆச்சு?” அடுத்த கேள்வி.

“லேப்ல. பத்தரை மணி வாக்கில” என்றேன்.

வர்ஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தைப் பதினொன்றாகத் திருத்தியவள், இதைத் திருத்தவில்லை. அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

கழுத்துப் பட்டை

மருத்துவர் தன் அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையைக் கழற்றினார். அட்டையை மேசை மேல் வைத்து, இரண்டு பக்கமும் பட்டையை இழுத்துப் பிடித்தார்.

“நோடி சார், இங்க பாருங்க. இந்த கார்டுதான் சில்லு. ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா நடுவுல நிக்கும். உள்பக்கம் பிடிக்கிற நார் முதல் தடவையே கிழிஞ்சிருக்கும்.” ஒரு பக்கத்தை விட்டார். அட்டை மறுபக்கம் ஓடியது. “ஒவ்வொரு தடவையும் வெளிய போய் உள்ள வர்றப்ப எலும்பு மேல இருக்கிற வழவழப்பு உரசும். இங்க ஒரு துண்டே உடைஞ்சு உள்ள சுத்திட்டு இருக்கு.”

தொடைப் பின்பக்கத்துத் தசைநார் ஒன்றை எடுத்து, கிழிந்த நாருக்குப் பதிலாகச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே பொருத்துவார்களாம். உடைந்த துண்டையும் எடுத்துவிடுவார்களாம். எழுத்துத் தேர்வு முடியும் வரை முழங்காலை மடங்க விடாத உறை போட்டு, ஊன்றுகோலோடு போகட்டும். கடைசித் தேர்வு முடிந்ததும் அறுவை என்றார்.

“நடுவுல வெளிய வந்தா?” என்று கேட்டேன்.

“வந்தா இங்க கூட்டிட்டு வாங்க. நீங்க கை வைக்கபேடி.”

வைக்காதீர்கள் என்பதைத்தான் பாதி கன்னடத்தில் சொன்னார். எனக்கு எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும்.

காத்திருப்புக் கூடம்

அறுவை நாள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். இரண்டு மணி நேரம் கடந்தும் கதவு திறக்கவில்லை. சுமதி கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் இருந்த தண்ணீர் இயந்திரத்தின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே அந்தத் துண்டு. அது அன்று காலையில் உடைந்ததாக இருந்தால்? ‘உள்ள ஏதோ மாட்டியிருக்கற மாதிரி’ என்று அவள் சொன்ன பிறகும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தது நான். இன்னும் எதற்காக இதை மறைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“சுமதி, அன்னிக்கு லேப்ல நடக்கல. காலையிலேயே வீட்ல வெளிய வந்துடுச்சு. நான் தள்ளி வச்சு, கட்டுப் போட்டு அனுப்பினேன்.”

ஜிப் நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“வேற மாதிரி வலிக்குதுன்னு சொன்னா. நான்தான் கேக்கல.”

“ரெண்டு மாசமா இதை வயித்துல வச்சுக்கிட்டா தினமும் இட்லி சாப்ட்டீங்க?”

நான் மறுபடி அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

“அவளையும் சேத்து வாயை மூட வச்சுட்டீங்க. அதுதாங்க என்னால தாங்க முடியல.”

எழுந்து நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து காபி வாங்கி வந்தாள், ஒரே ஒரு கோப்பை. என் எதிரிலேயே, கடைசிச் சொட்டு வரை, அவளே குடித்தாள். நியாயம்தான்.

கதவு திறந்து மருத்துவர் வந்தார். தலையில் பச்சைத் தொப்பி, முகத்தில் முகமூடியின் தடம். “ஹெதரபேடி, பயப்படாதீங்க. நல்லா ஆச்சு” என்றார். சுமதி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடாமலே சொன்னாள்:

“டாக்டர், இவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். நேரம் உட்பட, ஒன்றையும் மறைக்காமல்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியை எடுத்தார். உள்ளே துவரம்பருப்பு அளவில் வெள்ளையாக ஒரு துண்டு.

“ஓரமெல்லாம் மழுங்கியிருக்கு பாருங்க. இது பழசு. மாசக்கணக்கா உள்ள உருண்டிருக்கு. அன்னிக்கு உடைஞ்சது இல்ல.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஆனா அன்னிக்கு அனுப்பினது தப்பு சார். அதையும் சொல்லிடறேன்.”

கையெடுத்துக் கும்பிட்டேன். பொய்யான ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாத அவரை நினைத்தால் இப்போதும் கை தானாகக் குவிகிறது.

அன்று மாலை, மயக்கம் தெளிந்து படுத்திருந்த வர்ஷாவிடம், “அம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்மா” என்றேன்.

“அப்பாடா” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “எனக்கு வெயிட்டா இருந்துச்சுப்பா அது.”

பாகைக் கணக்கு

அறுவை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். மடக்குவது அதன் பிறகுதான் ஆரம்பம். முப்பது பாகை, நாற்பத்தைந்து, அறுபது. இயன்முறைப் பயிற்சி கொடுத்த ஷபானா, இருபத்தைந்து வயதுப் பெண், கோணமானியை முழங்காலில் வைக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன்.

மூன்றாவது நாள் அவர் என்னைத் தோளைத் தொட்டுத் திருப்பிக் கதவுப் பக்கம் காட்டினார். “அரே சார், தயவு செஞ்சு வெளிய இருங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாலே அவளுக்கு மடங்க மாட்டேங்குது.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே முதலில் அழுகை கேட்கும். அப்புறம் ஷபானாவின் அதட்டல். கொஞ்ச நேரத்தில் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். எதற்கு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தொண்ணூறு பாகை வந்த அன்று வர்ஷா தானாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். தழும்பு சின்னதுதான். என் அக்கா வந்து பார்த்தாள், விரலால் தடவினாள், “இவ்வளவுதானா?” என்றாள். வாங்கி வந்த ஆப்பிள்களை அவளே நறுக்கிக் கொடுத்தாள்.

வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு முழங்கால் இருந்தால் ஒன்று மட்டும் சொல்வேன். தள்ளினால் உட்கார்ந்துவிடுகிறது என்பதால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். நான் நான்கு வருடம் தாமதமாகப் போனேன். அப்படியும் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

மழை விட்ட மாலை

மாதங்கள் போயின. மருத்துவர் உறையைக் கழற்றச் சொல்லிவிட்டார். வர்ஷா பட்டப் படிப்பில் சேர்ந்தாள். ஒரு மழை நாள் காலையில், ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

“வேணாம்ப்பா. பஸ்ல போயிட்டு பஸ்ல வரேன்.”

“பஸ் படி ஈரமா இருக்கும்.”

“எல்லாருக்கும்தான் ஈரமா இருக்கும்.”

நாலரைக்கு வந்துவிட வேண்டும். நான் நாலேகாலிலிருந்து காக்ஸ் டவுன் நிறுத்தத்தில் நின்றேன். தூறல் விட்டிருந்தது. நனைந்த தார்ச்சாலையும் பக்கத்து பேக்கரியின் பன்னும் சேர்ந்து மணத்தன. ஒரு பேருந்து வந்தது, அவள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மணி ஐந்தேகால். அவள் கைப்பேசி அணைந்திருந்தது.

எந்தப் படியில்? எந்த வளைவில்? இப்போது யார் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? சுமதியைக் கூப்பிட்டேன்.

“சார்ஜ் போயிருக்கும். வருவா. நீங்க ரோட்ல நின்னு வர்ற பஸ்சையெல்லாம் கும்பிட்டுட்டு இருக்காதீங்க” என்றாள். அவள் குரலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

ஐந்து முப்பத்தைந்துக்கு இன்னொரு பேருந்து வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோருடைய கால்களையும் பார்த்தேன். செருப்புகள், ஷூக்கள், ஒரு கைத்தடி. அவளுடையது இல்லை.

அப்போது பேருந்துகள் வரும் திசையிலிருந்து, நடைபாதையில், நீல ஷூ ஒன்று வருவது தெரிந்தது. வலது. அப்புறம் இடது. மறுபடி வலது. குதிகால் பதிந்தது, முழங்கால் மடங்கியது, பாதம் எழுந்தது. நடைபாதையின் பெயர்ந்த கல் ஒன்றைத் தாண்ட அந்தக் கால் கொஞ்சம் உயர்ந்து, இறங்கி, ஊன்றி நின்றது. சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷூ என் செருப்புக்கு ஓரடி தள்ளி வந்து நின்றது.

“அங்க ஃபுல்லா டிராஃபிக்ப்பா. மூணு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து வந்துட்டேன்.”

நான் இன்னும் குனிந்தபடியே இருந்தேன்.

“அப்பா,” என்றாள் வர்ஷா. “முட்டிக்கு மேலயும் நான் இருக்கேன். கொஞ்சம் நிமிந்து பாரு.”